பச்சைக் குறிகையும் சுட்ட ஒலியும்: மின்கித்தார்ப் பதிவில் இரு முறைகள்

தமிழில் 'ஒலிபெருக்கி' என்னும் சொல்லை நாம் இரண்டு கருவிகளுக்கு வழங்குகிறோம். திருவிழாக் காலத்தில் கம்பத்தின்மேல் கட்டப்படும் கூம்பும் ஒலிபெருக்கிதான். அக்கூம்பிற்கு ஆற்றலை ஊட்டும் பெட்டியும் பேச்சுவழக்கில் ஒலிபெருக்கிதான். முன்னது மின்னோட்டத்தை ஒலியாக மாற்றுவது. பின்னது மெலிந்த மின்குறிகையை வலுப்படுத்துவது. அன்றாட வாழ்வில் இம்மயக்கத்தால் கேடொன்றும் விளைவதில்லை. மின்கித்தாரின் ஒலிப்பதிவைத் தமிழில் விளக்கப் புகுந்தாலோ முதலடியிலேயே இச்சொல் நம்மை இடறச் செய்கிறது. எனவே இக்கட்டுரையில் 'பெருக்கி' என்பது இசைஞர்கள் ஆம்ப் என்றழைக்கும் கருவியையும், 'ஒலிபெருக்கி' என்பது ஸ்பீக்கரையும் மட்டுமே குறிக்கும் எனக் கொள்வோம்.

மொழி பற்றிய சொற்பொழிவு வரிசையில் கித்தாருக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்று ஒரு மடிக்கணினியையும் சிறியதோர் ஒலி இடைமுகக் கருவியையும் வைத்துக்கொண்டு பாடல் பதிவுசெய்யும் மாணவர்கள் பலர். 'டி.ஐ. எடுத்தாயா?', 'அப்புறம் ரீஆம்ப் பண்ணிக்கொள்ளலாம்' என்று அவர்கள் தமிழிலேயே பேசிக்கொள்கிறார்கள். ஆயினும் அச்சொற்களின் பொருளைத் தமிழில் படித்தறிய அவர்களுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. மேலும், அவர்கள் முன்னுள்ள கேள்வி ஒலியியலாருக்கு நெடுங்காலமாகப் பழகிய கேள்வியே ஆகும்: பதிவின்போதே எதைச் சேர்த்துக்கொள்வது, எதைப் பின்னர்ச் செய்துகொள்ளலாம் என்று விடுவது?

முதலில் கருவியைக் காண்போம். மின்கித்தாரின் உடல் பெரும்பாலும் கெட்டிக் கட்டையாலானது. வீணைக்குள்ளது போன்ற குடம் அதற்கில்லை. எஃகுக் கம்பிகளின் அடியில் காந்தமும், அதைச் சூழ்ந்து பல ஆயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மெல்லிய செப்புக் கம்பியும் அமைந்துள்ளன. இவ்வமைப்பைப் பிக்அப் என்பர். கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் சிறியதொரு மின்னழுத்தம் பிறக்கிறது. அதன் அளவு பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவே. இக்குறிகையை எந்தக் குணமும் சேர்க்காத ஒரு நல்ல ஒலிபெருக்கியில் நேராகக் கேட்டால், அது மெலிந்தும் கூர்த்தும் உயிர்ப்பின்றியும் ஒலிக்கும். நாம் கித்தார் ஒலி என்று அறிந்து வைத்திருப்பது அதுவன்று.

அறிந்த ஒலியை ஆக்குவது பெருக்கியும் அதனோடு கூடிய ஒலிபெருக்கிப் பேழையுமே. வால்வுப் பெருக்கியை அதன் எல்லைக்கு அப்பால் உந்தினால் அலையின் முகடுகள் தட்டையாகின்றன; மூலத்தில் இல்லாத புதிய மேற்சுரங்கள் தோன்றுகின்றன; வலிய ஒலி அடங்கி மெலிய ஒலி எழும்புவதால் சுரம் நெடுநேரம் நிற்பதுபோல் கேட்கிறது. பின்னர், கித்தாருக்கென்றே செய்யப்படும் 12 அங்குல ஒலிபெருக்கி ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளை விரைந்து மங்கச் செய்கிறது. அதனால் மேற்சுரங்களின் கரகரப்பு தணிந்து, செவிக்கு இதமான பகுதி எஞ்சுகிறது.

தொல்காப்பியப் பிறப்பியலைப் படித்த மாணவர்க்கு இங்கு ஓர் ஒப்புமை தோன்றாமற் போகாது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி, எண்வகை நிலையால் வெவ்வேறு எழுத்தொலியாகப் பிறக்கின்றது என்பது அவ்வியலின் கருத்து. மூலம் ஒன்று; அதை உருவாக்கும் இடங்கள் வேறு. சுவீடன் நாட்டு ஒலியியலறிஞர் குன்னார் ஃபான்ட் 1960இல் வெளியிட்ட நூலில் இதே பிரிவைக் கணித வடிவில் நிறுவினார். குரல்மடல்களில் பிறக்கும் ஒலியை மட்டும் தனியே கேட்க இயலுமானால் அது வண்டின் முரற்சி போன்றிருக்கும்; வாயறையும் தொண்டையும் கொள்ளும் வடிவமே அம்முரற்சியை அகரமாகவும் இகரமாகவும் உகரமாகவும் ஆக்குகிறது. மின்கித்தாரில் பிக்அப்பே குரல்வளை. பெருக்கியும் பேழையும் அவை வைக்கப்பட்ட அறையும் வாயறை. இவ்வொப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. ஃபான்ட்டின் கோட்பாட்டில் வாயறை ஒலியை வடிகட்டுமேயன்றிப் புதிய அதிர்வெண்களை ஈனாது. உந்தப்பட்ட பெருக்கி ஈனும். அவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் ஒப்புமை நமக்கு நெடுந்தூரம் பயன்படும்.

நேரடிப் பெருக்கிப் பதிவு என்பது, கலைஞர் வாசிக்கும்போதே பேழையின் முன் ஒலிவாங்கியை வைத்து, வெளிவரும் ஒலியை அப்படியே பதிந்துகொள்வது. இதற்குப் பெரிதும் பயன்படும் ஒலிவாங்கிகளுள் ஒன்று 1965இல் அறிமுகமான ஷூர் எஸ்.எம். 57. அதை ஒலிபெருக்கிக் கூம்பின் நடுவை நோக்கி வைத்தால் ஒலி பளிச்சென்றும், விளிம்பை நோக்கி நகர்த்தினால் மங்கித் திரண்டும் கேட்கும். இரண்டு விரற்கடை நகர்த்தினாலே வேறுபாடு தெரியும். சற்றுத் தொலைவில் வைத்தால் அறையின் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும். இவை எல்லாம் பதிவின்போதே முடிவாகிவிடுகின்றன. மறுநாள் கேட்டு, கரகரப்புச் சற்று மிகுந்துவிட்டது என்று தோன்றினால் அதைக் குறைக்க வழியில்லை. தட்டையான முகட்டை மீண்டும் கூராக்க முடியாது. மீண்டும் வாசிக்கத்தான் வேண்டும்.

மற்ற முறையில் கலைஞரின் குறிகை பெருக்கிக்குப் போகுமுன்னரே பதிவாகிறது. பிக்அப்பின் குறிகை மென்மையானது. அதை ஏற்கும் கருவியின் மின்மறுப்பு மிக உயர்ந்திருக்க வேண்டும். கித்தார்ப் பெருக்கிகளின் உள்வாயில் அது பொதுவாக 10 இலட்சம் ஓம் அளவில் இருக்கும். பதிவு மேசையின் ஒலிவாங்கி உள்வாயிலோ சில ஆயிரம் ஓம்தான். நேரே செருகினால் உயர்சுரங்கள் மழுங்கிவிடும். இடையில் நின்று இவ்விரண்டையும் பொருத்துவதே டி.ஐ. பெட்டி. இன்றைய சிறிய இடைமுகக் கருவிகள் பலவற்றில் அது உள்ளேயே அமைந்து, ஒரு பொத்தானாகக் காட்சியளிக்கிறது. இவ்வாறு பதிந்த குறிகையைப் பின்னர் ஒருநாள் பதிவிலிருந்து வெளியே எடுத்து, பெருக்கிக்கு அனுப்பி, பேழையின் முன் ஒலிவாங்கி வைத்து மீண்டும் பதிவுசெய்வதே ரீஆம்பிங். அவ்வாறு அனுப்புங்கால் எதிர்த்திசையில் பொருத்தம் செய்ய வேண்டும். தொழில்முறைக் கருவியின் வெளிவாயில் மட்டம் 1.23 வோல்ட்டைச் சுற்றியது. அதைக் கித்தாரின் மட்டத்திற்கு இறக்கி, மின்மறுப்பை உயர்த்தி, தரையிணைப்பால் எழும் இரைச்சலையும் துண்டிக்க ஒரு தனிப்பெட்டி வேண்டும். அமெரிக்க ஒலிப்பொறியாளர் ஜான் குனிபெர்ட்டி அத்தகைய பெட்டியை 1990களில் ரீஆம்ப் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். வணிகப்பெயர் விரைவில் வினைச்சொல்லாயிற்று. ஒளிநகலெடுப்பதற்குச் 'செராக்ஸ் எடு' என்று நாம் கூறுவதுபோல.

பெருக்கியைத் தவிர்த்து மேசையில் நேரே செருகும் வழக்கம் அதற்கு முன்னரே உண்டு. 1968இல் பீட்டில்ஸ் குழுவினர் 'ரெவல்யூஷன்' பாடலின் கித்தார்களை இலண்டன் அபே ரோடு பதிவுக்கூடத்தில் மேசையிலேயே செருகி, மேசையின் முன்பெருக்கிகளையே அளவுக்கு மீறி உந்திக் கரகரப்பை உண்டாக்கினர். அங்கே பதிவு மேசையே வாயறையாயிற்று.

தமிழில் இதனை எவ்வாறு வழங்கலாம்? 'மறுபெருக்கம்' என்பது உடனே தோன்றும் மொழிபெயர்ப்பு. எனினும் 'மறு' என்னும் முன்னொட்டு ஒருமுறை நிகழ்ந்தது இரண்டாம் முறை நிகழ்வதை உணர்த்தும்; மறுபதிப்பு, மறுதேர்வு என்பவற்றைப் போல. இங்கோ முதற்பெருக்கம் நிகழாமலே இருந்திருக்கலாம். நிகழ்வது, குறிகை பதிவிலிருந்து பெருக்கிக்குத் திரும்பிச் செல்வது. ஆகவே 'மீள்பெருக்கம்' பொருந்தும் என்பது நம் கருத்து. பெருக்கியைக் காணாத குறிகையை ஆங்கில வழக்கைப் பின்பற்றி 'உலர்ந்த' குறிகை என்பது தமிழ்ச் செவிக்கு ஒட்டவில்லை. உலர்ந்தது என்றால் முன்பு ஈரமாயிருந்து காய்ந்தது என்றன்றோ பொருள்? சமைக்காததை, சுடாததைக் குறிக்க நம்மிடம் 'பச்சை' உண்டு. பச்சைப்பால், பச்சை மண், பச்சைக்கல் என்கிறோம். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்தபின், நகரைச் செங்கல்லால் எழுப்பச் சூளைகள் இயங்கிய இடமே பிரிக்பீல்ட்ஸ். அங்கே அறுத்து அடுக்கிய பச்சைக்கல்லை நீர்விட்டுக் குழைத்து வேறு அச்சில் வார்க்கலாம்; சூளையிலிருந்து இறங்கிய கல்லை அவ்வாறு செய்ய முடியாது. பச்சைக் குறிகைக்கும் பெருக்கியின் வழிவந்த ஒலிக்கும் உள்ள வேறுபாடு அத்தகையதே.

மலாய்மொழி இத்துறையில் வேறுவழி சென்றது. 1960களில் மின்கித்தார்க் குழுக்கள் இந்நாட்டில் பெருகியபோது, 'கும்புலான் கித்தார் ரஞ்சாக்' என்னும் தொடரின் எழுத்துகளைச் சேர்த்துக் 'குகிரான்' என்று ஒரு சொல்லை ஆக்கி, அதை மக்கள் நாவிலும் நிலைநிறுத்தினர். முதலெழுத்துச் சேர்க்கை தமிழின் இயல்பன்று. தொகையே நம் வழி. ஆயினும் கலைஞர்கள் கையிலெடுத்த கருவிக்கு உடனுக்குடன் சொல் படைத்த அவர்களுடைய வேகம் நாம் பின்பற்றத்தக்கது. பினாங்கில் தோன்றி நாடெங்கும் புகழ்பெற்ற 'அல்லிகேட்ஸ்' குழுவின் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் உடன்பிறப்புகள் தமிழ்க் குடும்பத்தவர் என்பதை மாணவர் அறிவர். அத்தலைமுறையின் மேடைகளில் கித்தாரும் பெருக்கியும் ஒன்றாகவே வாழ்ந்தன.

தமிழ்த் திரையிசையிலும் இவ்விரு மனப்பாங்குகளின் வரலாற்றைக் காணலாம். 1970களிலும் அதன்பின் பல்லாண்டுகளும் சென்னைப் பதிவுக்கூடங்களில் வயலின் அணியும் தாளக்கருவிகளும் கித்தாரும் பாடகரும் ஒருசேர அமர்ந்து ஒரே வீச்சில் பதிவுசெய்வதே பெருவழக்கு. ஒலித்தடங்கள் சில. ஒருவர் தவறினால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே எந்தக் கருவி எப்படி ஒலிக்க வேண்டும் என்பது ஒலிவாங்கிக்கு முன்பே, இசைக்குறிப்பிலேயே முடிவாகியிருக்கும். கித்தார்க் கலைஞராகத் தொழிலைத் தொடங்கிய இளையராஜா அம்முடிவுகளைத் தாளில் எழுதியே கொண்டுவருவார் என்பது பலரும் அறிந்தது. 1992இல் 'ரோஜா'வின் பாடல்களோடு அறிமுகமான ஏ.ஆர். ரகுமான் தம் இல்லத்தை ஒட்டிய பஞ்சதன் பதிவுக்கூடத்தில் வேறுமுறையைக் கையாண்டார். கலைஞர்கள் தனித்தனியே வந்து வாசித்துச் செல்வர்; அடுக்கடுக்காகப் பதிந்தவற்றிலிருந்து பாடல் பின்னர் உருப்பெறும். முடிவைத் தள்ளிவைக்கும் அம்மனப்பாங்கின் மற்றொரு வெளிப்பாடாகவே மீள்பெருக்கத்தையும் நாம் கருதுகிறோம்.

அப்படியாயின், பச்சைக் குறிகையைப் பதிந்துகொண்டு எல்லாவற்றையும் பின்னர்ச் செய்துகொள்ளலாமே, நேரடிப் பதிவின் தேவை என்ன? குறிகையை மட்டும் நோக்குவோர் இப்படித்தான் கேட்பர். அவர்கள் மறந்துவிடுவது கலைஞரின் செவியை.

பேசுபவர் தம் குரலைத் தாமே கேட்டுக்கொண்டு பேசுகிறார், கேட்பதற்கேற்பத் திருத்திக்கொள்கிறார். பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் லொம்பார்ட் 1911இல் வெளியிட்ட கட்டுரையில், சுற்றிலும் இரைச்சல் எழுந்தால் மனிதர் தம்மையறியாமலே குரலை உயர்த்துவதை விளக்கினார். ஜாலான் துங்கு கிளானாவில் தீபாவளிக் காலத்தில் கடை முன் நின்று பேசிப் பார்த்தோர்க்கு இது சொல்லாமலே விளங்கும். உயர்வது குரல்மட்டம் மட்டுமன்று, உயிரொலிகளும் நீள்கின்றன. 1950இல் பெர்னார்ட் லீ என்பவர் காட்டிய விளைவு இன்னும் வியப்புக்குரியது. பேசுபவரின் குரலை ஒரு நொடியில் ஐந்திலொரு பங்கு தாமதித்து அவர் காதிலேயே ஒலிக்கச் செய்தால், நாவன்மை உடையவரும் திக்குகிறார். பேச்சு வாயிலிருந்து மட்டும் பிறப்பதன்று. செவிக்கும் வாய்க்கும் இடையிலான சுழற்சியிலிருந்து பிறக்கிறது.

கித்தாரும் அவ்வாறே. மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) அவர்களின் இசை இதற்கு நாமறிந்த நல்ல சான்று. மரபான மாண்டலினில் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக அமையும். மீட்டிய ஒலி விரைவில் மாய்வதால் இடைவிடாது மீட்டிக்கொண்டே இருப்பர். கருநாடக இசையின் கமகமோ ஒரே மீட்டலில் சுரம் நின்று அசைய வேண்டுமெனக் கேட்பது. ஸ்ரீநிவாஸ் மின்மாண்டலினில் ஐந்து ஒற்றைக் கம்பிகளை அமைத்துக்கொண்டார். இழுத்து அசைக்க ஒற்றைக் கம்பி இடங்கொடுத்தது. அசைவு முடியும்வரை சுரத்தைக் கேட்கும் மட்டத்தில் நிறுத்தப் பெருக்கி துணைநின்றது. மின்கித்தாரில் கருநாடக இசை வாசிக்கும் ஆர். பிரசன்னாவின் வாசிப்பிலும் இதைக் கேட்கலாம். இத்தகைய கலைஞர், சுரம் இன்னும் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைச் செவியால் அளந்தே அடுத்த அசைவைத் தொடங்குகிறார். பெருக்கியின் ஒலி காதில் விழாமல், பச்சைக் குறிகையை மட்டும் கேட்டு வாசிக்கச் சொன்னால் என்ன நேரும்? சுரம் மாய்வதற்குள் முடிக்க விரைவார்; அல்லது வலிந்து மீட்டுவார். பின்னர் அக்குறிகையை எத்துணைச் சிறந்த பெருக்கிக்கு அனுப்பினாலும் ஒலியின் நிறம் கிடைக்குமேயன்றி, விட்டுப்போன நிதானம் திரும்பாது.

இதனினும் கண்கூடான ஒன்று உண்டு. பெருக்கியின் முன் கித்தாரை ஏந்தி நின்றால், ஒலிபெருக்கியிலிருந்து வரும் காற்றதிர்வு கம்பியையே மீண்டும் அதிரச் செய்து, சுரம் மங்காமல் நின்றெரியும். ராக் இசைக் கலைஞர் விரும்பிக் கையாளும் விளைவு இது. மீள்பெருக்கத்தில் இது நிகழ வழியே இல்லை. அங்கே ஒலி ஒருவழிப் பாதையில் செல்கிறது. அதிர்வதற்கு அறையில் கம்பி இல்லை.

ஆகவே நம் முடிவு, இரண்டையும் எதிரெதிரே நிறுத்தாமல் ஒருங்கே செய்வதே. டி.ஐ. பெட்டிகள் பெரும்பாலானவற்றில் குறிகையை மாற்றமின்றி வெளிவிடும் இரண்டாவது வாயில் ஒன்றிருக்கும். அதிலிருந்து பெருக்கிக்கு ஒரு கம்பி. மறுபுறம் பதிவுக்கு ஒரு கம்பி. கலைஞர் பெருக்கியைக் கேட்டு வாசிப்பார். ஒலிவாங்கித் தடமும் பச்சைத் தடமும் ஒரே வேளையில் பதிவாகும். முன்னது நன்றாயமைந்தால் பின்னதைத் தொட வேண்டியதில்லை. இரண்டையும் கலக்க விழைவோர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பச்சைக் குறிகை மின்வேகத்தில் வந்துசேர, ஒலிவாங்கியின் குறிகை காற்றைக் கடந்து சற்றுப் பிந்தி வருகிறது; நேரத்தைச் சரிசெய்யாமல் கலந்தால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்து ஒலி உள்ளீடற்றதாகிவிடும்.

பெருக்கியை முழக்க முடியாத அடுக்குமாடி வீட்டில், இரவு பத்து மணிக்கு என்ன செய்வது? கணினியில் இயங்கும் போலிப்பெருக்கி மென்பொருளைக் காதணியில் கேட்டு வாசித்துப் பச்சைக் குறிகையைச் சேமிக்கலாம். கணினியின் தாமதம் ஏறத்தாழ 10 மில்லிநொடிக்குள் அடங்க வேண்டும். இது கடினமான நிபந்தனை அன்று. காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்கவே 3 மில்லிநொடி ஆகிறது. மேடையில் பெருக்கியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்பவர் அத்தாமதத்தோடுதான் வாசிக்கிறார். குறிகையின் உச்சம் −12 டெசிபெல்லைத் தாண்டாதிருப்பது நல்லது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் 50இலும் 100இலும் எழும் முணுமுணுப்பையும் கவனிக்க வேண்டும். பச்சையில் கேட்கும் சிறு இரைச்சலைப் பெருக்கி பன்மடங்காக்கிவிடும்.

பச்சைக் குறிகைதான் மூலம், மற்றவை ஒப்பனை என்ற எண்ணமும் சரியன்று. எந்தப் பிக்அப், எந்தக் கம்பி, விரலா மீட்டுகோலா என்பவையெல்லாம் அதற்குள் முன்பே சுட்டுச் சேர்க்கப்பட்டவைதாம். முடிவைத் தள்ளிப்போடும் வசதிக்கும் விலையுண்டு. ஒரு பாடலுக்கு இருபது வகை ஒலியைச் செய்து அடுக்கிவிட்டு, எதைத் தேர்வது என்று திகைக்கும் மாணவரைக் காண்கையில், தடங்கள் குறைந்த அக்காலப் பதிவுக்கூடத்தின் கட்டாயம் ஒருவகையில் நன்மையே செய்தது என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

ஆசிரியர்களுக்கு இவ்விடத்தில் ஒன்று கூற வேண்டும். பள்ளித் திட்டப்பணிக்காக மாணவர்கள் இப்போது தாத்தா பாட்டியின் பேச்சையும், பால்மரக் காட்டுப் பாடல்களையும் கைப்பேசியில் பதிவுசெய்து வருகிறார்கள். சிலாங்கூர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கு வாழ்ந்த தலைமுறையின் பேச்சு மீண்டும் கிடைப்பதன்று. கைப்பேசிச் செயலிகள் பல தாமாகவே இரைச்சலை நீக்கி, ஒலிமட்டத்தைச் சமன்செய்து தருகின்றன. கேட்க இனிமைதான், ஆனால் இரைச்சலென எண்ணி நீக்கப்படுவதில் சொல்லிறுதியின் மெல்லிய குற்றியலுகரமும் போய்விடக்கூடும். பழைய ஒலிநாடாக் கருவிகளில் தானியங்கி மட்டக் கட்டுப்பாடு இருந்தது. அதனால் எந்த அசை உரத்தது, எந்த அசை மெலிந்தது என்பதை அப்பதிவுகளிலிருந்து ஒலியியலார் அளக்க முடியவில்லை. எனவே செயலியில் அவ்வசதிகளை அணைத்து, சுருக்கப்படாத 'வேவ்' கோப்பாகப் பதிந்து, அம்மூலக்கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு, படியொன்றை எடுத்துத் தூய்மைசெய்யச் சொல்லுங்கள்.

அமைதி வேண்டுமென்று பாட்டியைத் தனியறையில் ஒலிவாங்கியோடு மட்டும் அமர்த்தவும் வேண்டா. கேட்க எவரும் இல்லாவிடில் அவர் செய்தி வாசிப்பதுபோலப் பேசத் தொடங்கிவிடுவார். பேரப்பிள்ளையை எதிரே உட்கார வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, சன்னலைச் சாத்தினால் போதும்.